பிரேக் ஹோஸ் முனைகளை அடையாளம் காண்பது எப்படி? கார், பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கான வழிகாட்டி

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்தில் இன்று பல விவசாயக் குடும்பங்களில் சிறிய சரக்கு வண்டியோ பழைய காரோ இருக்கிறது. காய்கறி, கீரை, பூ, வாழை இலை எல்லாம் அதில்தான் சந்தைக்குப் போகின்றன. திரும்பும்போது மணலியில் உர மூட்டையோ ராயபுரத்தில் இயந்திர உதிரிபாகமோ ஏற்றி வருகிறோம். போகிற வழி சாதாரண வழி அல்ல. எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள் நிற்கும். ஒரு டன் சுமையோடு போகும்போது முன்னால் போகும் டிரெய்லர் திடீரென நின்றால், நம் உயிரைக் காப்பது ஒரு முழ நீளம்கூட இல்லாத ரப்பர் குழாய்தான். அதன் பெயர் பிரேக் ஹோஸ்.

களப்பயிற்சிகளில் பண்ணை இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது விவசாயிகள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஹோஸ் மாற்றினேன். மரை ஏறியது, இறுக்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஆயில் கசிகிறது." இதற்குப் பெரும்பாலும் காரணம் ஹோஸ் தரம் குறைந்தது என்பதல்ல. முனையின் வகை பொருந்தவில்லை என்பதே. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு முனைகள் உள்ளே வேறுவேறாக இருக்கும். அதை அடையாளம் காணும் முறையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஆனால் கடையில் சரியான பொருளைக் கேட்டு வாங்கவும், செய்த வேலை சரியா என்று பார்க்கவும் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக் ஹோஸ் செய்யும் வேலை

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் சேசிஸை ஒட்டி ஓடும் இரும்புக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடும். முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும். இரும்புக் குழாய் அப்படி வளைந்து கொடுக்காது. எனவே கடைசித் தூரத்துக்கு மட்டும் வளையும் ரப்பர் ஹோஸ் போடுகிறார்கள். முன்சக்கரங்களுக்கு ஆளுக்கு ஒன்று. பின்பக்கம் வண்டியைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும்.

அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் இதன் முக்கியத்துவம் புரியும். கார் டயரில் நாம் 30 முதல் 35 பாயிண்ட் காற்று வைக்கிறோம். வேகமாகப் பிரேக் அடிக்கும்போது இந்த ஹோஸுக்குள் அதே கணக்கில் 1,000 பாயிண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். பவர் ஸ்பிரேயர் ஹோஸில் வருவதைவிட இது அதிகம். ஆகவே ஸ்பிரேயர் ஹோஸை வெட்டி கிளிப் போட்டு ஒட்டுவதுபோல இங்கே ஒட்டுப்போட வழியே இல்லை. பிரேக் ஹோஸின் முனைகள் தொழிற்சாலையில் இயந்திரத்தால் நசுக்கிப் பொருத்தப்பட்டவை. வெட்டி இணைத்த ஹோஸ், கம்பி சுற்றிய ஹோஸ், கிளிப் போட்ட ஹோஸ் எதையும் பிரேக்கில் பயன்படுத்தக் கூடாது.

மரை பிடிக்கும், அடைப்பது வேறு இடம்

மோட்டார் செட்டுக்கு ஜி.ஐ. பைப் மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் அல்லது நூல் சுற்றுகிறோம். அந்த மரை நுனியில் சிறுத்து, அடியில் பெருத்து இருக்கும். இறுக்க இறுக்க மரையே அடைத்துக்கொள்ளும். பிரேக் முனை அப்படிப்பட்டதல்ல. அதன் மரை ஒரே தடிமன் கொண்டது. அதன் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். ஆயில் வெளியே வராமல் அடைப்பது வேறு இடம். அது செப்பு வாஷராக இருக்கலாம்; அல்லது குழாய் நுனியும் துளையின் அடியும் உலோகத்தோடு உலோகமாக அமரும் சரிவாக இருக்கலாம்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் எளிது. மரை ஏறிவிட்டது என்பதால் முனை பொருந்திவிட்டது என்று ஆகாது. மரை பொருந்த வேண்டும், அடைக்கும் இடமும் பொருந்த வேண்டும். பிரேக் மரையில் டெஃப்லான் டேப், நூல், எம்-சீல் எதையும் போடக் கூடாது. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் நுண்ணிய துளையை அடைத்துவிடும். அதைவிட முக்கியமாக, அடைக்கும் இடம் மரை இல்லை என்பதால் டேப்பால் எந்தப் பயனும் இல்லை.

ஹோஸ் முனையின் 3 வகைகள்

1. வளைய முனை (பேன்ஜோ)

இதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். வாசலில் நிற்கும் டிஸ்க் பிரேக் பைக்கின் காலிப்பரைப் பாருங்கள். ஹோஸின் நுனியில் மோதிரம்போல ஒரு வளையம் இருக்கும். அதன் நடுவே ஒரு போல்ட் போகும். வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு செப்பு வாஷர் இருக்கும். இதுதான் பேன்ஜோ முனை. டிஸ்க் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் காலிப்பர் பக்கம் இதே வகைதான்.

அந்தப் போல்ட் சாதாரணப் போல்ட் அல்ல. நடுவில் துளையும் பக்கவாட்டில் துளையும் உள்ள குழல் போல்ட். ஆயில் அதன் வழியாகத்தான் காலிப்பருக்குள் போகிறது. போல்ட் தொலைந்துவிட்டது என்று கடையில் அதே மரையில் உள்ள சாதாரணப் போல்ட்டைப் போட்டால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இருக்காது.

கவனிக்க வேண்டியவை:
• வாஷர் இரண்டு வேண்டும். ஒன்று போல்ட் தலைக்கும் வளையத்துக்கும் இடையில். மற்றொன்று வளையத்துக்கும் காலிப்பருக்கும் இடையில்.
• செப்பு வாஷர் இறுக்கும்போது நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடக் கூடாது. விலை சில ரூபாய்தான். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.
• வளையத்தின் தடிமன், துளையின் அளவு, கழுத்து வளைந்திருக்கும் கோணம் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இடது, வலது ஹோஸ்கள் பல வண்டிகளில் வேறுவேறு கோணத்தில் இருக்கும்.
• சில வளையங்களில் சிறிய நாக்கு அல்லது முளை இருக்கும். அது காலிப்பரில் உள்ள பள்ளத்தில் அமர வேண்டும். அதை அறுத்துவிட்டுப் பொருத்துவது தவறு.

2. ஆண் முனை

ஹோஸின் நுனியிலேயே வெளிமரை இருக்கும். அதை நேரடியாக வீல் சிலிண்டரிலோ காலிப்பரிலோ திருகி ஏற்றுவார்கள். டிரம் பிரேக் உள்ள பழைய கார்களிலும் ஜீப்களிலும் இது அதிகம்.

ஆண் முனை இரண்டு விதமாக அடைக்கும். முதல் விதத்தில் மரைக்கு மேலே தட்டையான தோள் இருக்கும். அந்தத் தோளுக்குக் கீழே ஒரு செப்பு வாஷர் அமரும். இரண்டாவது விதத்தில் மரையின் நுனியே சரிவாகக் கடையப்பட்டு, துளையின் அடியில் உள்ள சரிவில் அமரும். இதற்கு வாஷர் கிடையாது.

பலர் தடுமாறுவது இங்கேதான். சரிவு நுனி உள்ள முனைக்குப் பாதுகாப்புக்காக என்று ஒரு வாஷரைச் சேர்த்துப் போட்டால், நுனி அடிவரை இறங்காது, கசியும். தட்டைத் தோள் உள்ள முனைக்கு வாஷர் போடாமல் விட்டாலும் கசியும். பழைய ஹோஸைக் கழற்றும்போதே வாஷர் இருந்ததா என்று பாருங்கள். பழைய வாஷர் சில நேரம் துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும்.

3. பெண் முனை

ஹோஸின் மறுமுனை பெரும்பாலும் இந்த வகைதான். முனைக்குள் உள்மரை இருக்கும். சேசிஸிலிருந்து வரும் இரும்புக் குழாயின் நட்டு அதற்குள் திருகி ஏறும். இந்த முனை ஒரு தகட்டுத் துளை வழியாக நுழைந்து, குதிரை லாடம் போன்ற கிளிப்பால் பிடிக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் கிளிப்புக்குப் பதில் வெளிமரையும் பெரிய நட்டும் இருக்கும். கிளிப்புக்கான பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது, தகட்டில் அமரும் பகுதி அறுகோணமா வட்டமா என்பதையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். கிளிப் இல்லாமல் ஓட்டினால் ஆட்டம் முழுவதும் இரும்புக் குழாய்க்குப் போய், நாளடைவில் குழாய் விரிசல் விடும்.

இரும்புக் குழாயின் நுனி: இரண்டு வடிவங்கள்

பெண் முனைக்குள் அமரும் இரும்புக் குழாயின் நுனியைப் பாருங்கள். அது இரண்டு வடிவங்களில் ஒன்றாக இருக்கும்.

புனல் வடிவம்: நுனி வெளிப்பக்கமாக விரிந்து, உள்ளே மடிக்கப்பட்டு, சிறு புனல்போல இருக்கும். தகடு இரண்டு மடிப்பாக இருப்பதால் இதை டபுள் ஃப்ளேர் என்கிறோம். சரிவு 45 பாகை. அமெரிக்க, ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் இது அதிகம்.

காளான் வடிவம்: நுனி ஒரு சிறிய காளான் தலைபோலக் குமிழாக இருக்கும். பபிள் ஃப்ளேர் என்பது கடை வழக்கு. ஐரோப்பிய வழியில் வந்த வண்டிகளில் இது அதிகம்.

ஹோஸின் பெண் முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். புனல் வடிவக் குழாய்க்கான முனையில், துளையின் அடியிலிருந்து ஒரு சிறிய கூம்பு மேல்நோக்கி நிற்கும். அதன் உச்சியில் துளை இருக்கும். புனல் அந்தக் கூம்பின்மேல் கவிழ்ந்து அமரும். காளான் வடிவக் குழாய்க்கான முனையில் அடிப்பகுதி கிண்ணம்போல உள்வாங்கியிருக்கும். காளான் தலை அந்தக் கிண்ணத்தில் அமரும்.

நட்டும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். புனல் வகை நட்டில் பெரும்பாலும் மரை நுனிவரை இருக்கும். காளான் வகை நட்டில் நுனியில் சிறிது தூரம் மரை இல்லாமல் வழவழப்பாக இருப்பது வழக்கம். ஆனால் நட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழாய் நுனியைப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் மரை நன்றாகவே ஏறும். ஆனால் கூம்பின்மேல் காளானும், கிண்ணத்துக்குள் புனலும் சரியாக அமராது. கசிவை நிறுத்த இன்னும் இறுக்கினால் நுனி நசுங்கும், மரை போகும். இறுக்கியும் கசிந்தால் வடிவத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்காதீர்கள்.

மரை அளவு: அரை மில்லிமீட்டர் ஆபத்து

நம் ஊரில் ஓடும் வண்டிகளில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று மில்லிமீட்டர், மற்றொன்று அங்குலம். அடிக்கடி எதிர்ப்படும் மூன்று அளவுகள் இவை:

• எம் 10 × 1.0 — மரையின் விட்டம் 10 மி.மீ.; ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மி.மீ. வெர்னியரில் வெளிமரையை அளந்தால் 9.8 அல்லது 9.9 காட்டும்.
• எம் 10 × 1.25 — விட்டம் அதேதான், இடைவெளி 1.25 மி.மீ.
• 3/8 அங்குலம், 24 மரை — விட்டம் 9.52 மி.மீ.; ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இடைவெளி ஏறத்தாழ 1.06 மி.மீ. வெர்னியரில் 9.4 அல்லது 9.5 காட்டும்.

முதல் அளவையும் மூன்றாவது அளவையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 3/8 அங்குல நட்டை எம் 10 × 1.0 துளையில் போட்டால் எளிதாக நுழைந்துவிடும். கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும். ஸ்பேனர் போட்டால் இறுகியதுபோலவும் தெரியும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் மிதித்துப் பார்க்கும்போது நிற்கும். எண்ணூர் சாலையில் வேகத்தில் மிதிக்கும் அன்று பிய்த்துக்கொண்டு வரலாம். தலைகீழாக, எம் 10 நட்டு 3/8 அங்குலத் துளையில் ஏறவே ஏறாது. அது ஒருவகையில் நல்லது. தவறு அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே அளக்க 3 வழிகள்:

வெர்னியர்: வெளிவிட்டத்தை அளங்கள். 9.8க்குக் குறையாமல் இருந்தால் 10 மி.மீ. வகை. 9.5ஐ ஒட்டி இருந்தால் அங்குல வகை. தேய்ந்த மரையில் இரண்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள்.

மரை கேஜ்: ரம்பப் பல் போன்ற தகடுகள் கொண்ட சிறிய கருவி. லேத் பட்டறைகளில் இருக்கும். பல் முழுவதும் இடைவெளி இல்லாமல் உட்காரும் தகட்டின் எண்தான் மரையின் அளவு.

பழையதோடு ஒட்டிப் பார்த்தல்: பழைய நட்டையும் புதிய நட்டையும் பக்கவாட்டில் மரையோடு மரை பொருந்த ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எட்டுப் பத்து மரையும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்தால் இடைவெளி ஒன்றே. தொடக்கத்தில் பொருந்தி, கடைசியில் வெளிச்சம் தெரிந்தால் அளவு வேறு. இந்தச் சோதனை மரை இடைவெளியை மட்டுமே சொல்லும். விட்டத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

எந்த நட்டானாலும் முதலில் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற வேண்டும். ஒன்றிரண்டு சுற்றிலேயே சிக்கினால் மரை வேறு, அல்லது சாய்ந்து ஏறுகிறது. கழற்றிப் பாருங்கள்.

இரண்டு கணக்கும் நம் ஊரில் ஏன் இருக்கின்றன?

காரணம் நம் வடசென்னையிலேயே இருக்கிறது. 1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் அவர்கள் முதலில் பூட்டியது லாரி அல்ல. ஆஸ்டின் ஏ40 என்ற இங்கிலாந்துக் கார். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு வந்தது. பாடியில் 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் கூட்டோடு பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த தொழில்நுட்பம் அங்குலக் கணக்கில் வந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த அம்பாசிடர், அமெரிக்க வில்லிஸ் வழிவந்த ஜீப் ஆகியவையும் அங்குல வழி.

இன்னொரு பக்கம், இந்தியாவில் மெட்ரிக் அளவு முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது. இத்தாலியின் ஃபியட் வழிவந்த பத்மினி மில்லிமீட்டர் கணக்கு. 1983-ல் ஜப்பானின் சுசூகி கூட்டோடு மாருதி 800 வந்த பிறகு மில்லிமீட்டர் வண்டிகளே பெருகின. இன்றைய கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் அநேகமாக எல்லாமே மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் பழைய உதிரிபாகங்கள் கடைகளில் இன்னும் கலந்தே கிடக்கின்றன. பழைய ஜீப்பில் வேறு வண்டியின் அச்சையோ மாஸ்டர் சிலிண்டரையோ மாற்றிப் போட்டிருந்தால், ஒரே வண்டியில் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் மில்லிமீட்டரும் இருக்கும். ஆகவே வண்டியின் பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

லாரி ஹோஸும் டிராக்டர் ஹோஸும் காருக்கு ஆகாது

துறைமுகப் பகுதியில் எந்தக் கடைக்குப் போனாலும் கனரக லாரி ஹோஸ்தான் முதலில் கண்ணில் படும். அவை பெரும்பாலும் காற்றுப் பிரேக்குக்கானவை. அவற்றில் ஓடுவது காற்று. அழுத்தமும் 100 பாயிண்டை ஒட்டியே இருக்கும். பார்க்கத் தடிமனாக, பலமாகத் தெரிந்தாலும் ஆயில் பிரேக்கின் அழுத்தத்துக்கு அவை செய்யப்பட்டவை அல்ல.

டிராக்டரின் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் அது வேறு ஆயிலுக்கானது. டிப்பர், லிஃப்ட் ஆகியவற்றில் ஓடுவது கனிம எண்ணெய். கார் பிரேக்கில் ஓடும் டாட் 3, டாட் 4 ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ரப்பர் வேறு. ஒன்றுக்கான ரப்பரில் மற்றொன்றை ஓட்டினால் ரப்பர் ஊதிப்போகும் அல்லது இற்றுப்போகும். முனையின் சரிவும் வேறு: டிராக்டர் ஹைட்ராலிக்கில் 37 பாகை சரிவு முனைகள் அதிகம், பிரேக் குழாயின் புனல் 45 பாகை.

இதே காரணத்தால் பிரேக் ஆயில் குறையும்போது ஹைட்ராலிக் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். சில துளிகளே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை உள்ள எல்லா ரப்பரையும் ஊத வைத்துவிடும். அப்படி நடந்துவிட்டால் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஹோஸ் முனைகளை டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுவதும் அதே தவறுதான்.

உப்புக் காற்றும் உர மூட்டையும்

கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் ரப்பருக்கு முன்பாக முனைகள் கெடுகின்றன. காசிமேட்டு மீன் ஏற்றும் வண்டியில் உப்பு நீர் சொட்டும். பொட்டாஷ் ஏற்றும் வண்டியில் மூட்டையிலிருந்து சிந்தும் தூள் ஈரம் பட்டதும் இரும்பை அரிக்கும். பெண் முனையும் இரும்புக் குழாய் நட்டும் சேரும் இடத்தில் துரு ஏறி, இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். அதைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். அல்லது குழாயே முறுக்கிக்கொண்டு உடையும். பிரேக் நட்டுக்கென்று உள்ள, வாயில் சிறு வெட்டு கொண்ட ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மீன், உரம், உப்பு ஏற்றிய நாளில் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மாதம் ஒருமுறை ஹோஸ்களைப் பாருங்கள். மாற்ற வேண்டிய அறிகுறிகள்:

• ரப்பரில் வெடிப்பு. ஹோஸை லேசாக வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.
• ஒருவர் பெடலை மிதிக்கும்போது ஹோஸ் ஓரிடத்தில் புடைப்பது.
• முனையோரம் ஈரம், அல்லது தூசி படிந்த பிசுபிசுப்பு.
• டயரோ ஸ்பிரிங்கோ உரசிய தேய்மானம். எலி கடித்த தடம். களத்தில் நெல்லோடு நிற்கும் வண்டிகளில் எலிக்கடி சாதாரணம்.
• பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாவது. வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி, ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம்.

கடையில் வாங்கும்போது

1. பழைய ஹோஸை வாஷர், போல்ட், கிளிப் எல்லாவற்றோடும் எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டு முனைகளையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துச் செல்போனில் படம் எடுங்கள்.
2. வண்டியின் மாடல், தயாரித்த மாதம், ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள வண்டியில் இடையில் பிரேக் மாறியிருக்கலாம்.
3. முன்பக்கமா பின்பக்கமா, இடதா வலதா என்று தெளிவாகக் கேளுங்கள்.
4. நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையானது சக்கரம் இறங்கும்போது இழுபடும். நீளமானது டயரில் உரசும்.
5. ரப்பர் மேல் உள்ள அச்சைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், தயாரித்த காலம், ஐ.எஸ். 7079 அல்லது எஸ்.ஏ.இ. ஜே 1401 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். எந்த எழுத்தும் இல்லாத ஹோஸை வாங்காதீர்கள்.
6. புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, பம்பர் வாங்குவது தவறில்லை. பழைய பிரேக் ஹோஸ் மட்டும் வேண்டாம். ரப்பரின் வயதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மாட்டிய பிறகு நீங்களே பார்க்க வேண்டியவை

பெரும்பாலான ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு கோடு இருக்கும். மாட்டிய பிறகு அந்தக் கோடு நேராக ஓட வேண்டும். கொடிபோலச் சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்கும் உரசவோ விறைக்கவோ கூடாது.

ஹோஸ் கழற்றினால் உள்ளே காற்று புகும். ஏர் எடுத்தே ஆக வேண்டும். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்கு ஏர் எடுக்கக் கணினிக் கருவி தேவைப்படும். அதைச் செய்யும் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கக் கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு முனையையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் தெரியக் கூடாது. முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமல், வெறிச்சோடிய சாலையில், மெதுவான வேகத்தில் செய்யுங்கள். மறுநாள் காலை ஆயில் டப்பாவின் மட்டத்தையும் முனைகளையும் மறுபடி பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் இல்லாத டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 டிகிரி அளவுக்கு இறங்கும். திறந்து பல நாள் ஆன டப்பாவில் உள்ளதை ஊற்றாதீர்கள். பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது. பூச்சிமருந்தைப்போல இதையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சுருக்கமாக

• முனையைப் பாருங்கள்: வளையமா, ஆணா, பெண்ணா?
• அடைக்கும் இடத்தைப் பாருங்கள்: செப்பு வாஷரா, சரிவா? குழாய் நுனி புனலா, காளானா?
• மரையை அளங்கள்: விட்டம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு?
• நீளம், கோணம், கிளிப் இடம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.
• இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த ஹோஸை வாங்காதீர்கள்.

ஒரு நாள் சந்தைக்குப் போகாவிட்டால் ஒரு லோடு கீரை வாடும். அந்த நட்டத்தை அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம். "இன்று ஒரு நாள் ஓட்டிவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று கசியும் ஹோஸோடு வண்டியை எடுக்காதீர்கள். முனை பொருந்தும் ஹோஸ் கிடைக்கும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.